கையெழுத்து இல்லாமல் உள்ளே வரக்கூடாது

நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீசுக்குப் புதுசா வந்த நீங்க நாலு பேரும் போன வாரம் தண்டையார்பேட்டைக்கு என் வூடு தேடி வந்து, "மேடம், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத கம்பெனி எது?"ன்னு கேட்டீங்க. வந்த கம்பெனிங்க எல்லாம் எனக்கு ஒண்ணுதான். டை கட்டிகினு வருவாங்க, எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி மறிச்சு லேட்டாச்சுன்னு நம்ம மேல எரிஞ்சு விழுவாங்க, மத்தியானம் வஞ்சிர வறுவல் சாப்ட்டதும் சமாதானமாயிடுவாங்க. எனக்கு மறக்காதது, நம்ம காலேஜுக்குள்ள வராத ஆளுங்க. வரக்கூடாதுன்னு தடுத்தவளே நான்தான். கம்பெனிகூட இல்ல அது. ராணுவப் படைக்கு ஆள் எடுக்கற குழு.

பசங்க லிஸ்ட்டை எப்படிப் போடறது, மெயில் எப்படி அனுப்பறதுன்னு நான் எழுதப் போறதில்ல. அதெல்லாம் உங்களுக்கு என்னை விட நல்லாவே தெரியும். நான் இருபத்தஞ்சு வருஷம் அந்த நாற்காலில உக்காந்து கத்துக்கினதுல பாதி, எப்போ பேசணும்ங்கறது. மீதி பாதியைக் கத்துக்க எனக்கு ஒரு பையன் வாழ்க்கையைப் பணயம் வெக்க வேண்டியிருந்தது. அதான் இந்தக் கதை.

முதல்ல அந்தத் தாளைப் பத்தி. இப்போ எந்தக் கம்பெனி வந்தாலும் நீங்க ஒரு தாளை நீட்டி கையெழுத்து வாங்கறீங்களே, அது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஒரு கம்பெனி வந்து பரிட்சை வெச்சான். நம்ம பசங்க பிச்சு உதறிட்டாங்க. கடைசி லிஸ்ட் வந்தப்போ பாக்கறேன், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், புளியந்தோப்புன்னு வடசென்னை அட்ரஸ் இருந்த ஒரு பேர்கூட இல்ல. மார்க் எல்லாம் நல்லா இருந்தவங்க. அந்தக் கம்பெனி ஆளைக் கூப்ட்டு கேட்டேன். "மேடம், ஏரியா கொஞ்சம்..."னு இழுத்தாரு. ஏரியாவுக்கு இன்னாய்யா? நான் ராயபுரத்துல பொறந்தவ, என்னையும் லிஸ்ட்ல இருந்து அடிப்பியான்னு கேட்டேன். அந்த ஆளு பையைத் தூக்கிகினு கிளம்பிட்டாரு. அன்னிக்கே பிரின்சிபால் ரூமுக்குப் போய் உக்காந்து, ஜாதி, மதம், ஆண் பெண், ஊனம், இருக்கற இடம் எதை வெச்சும் உங்க பசங்களைத் தள்ள மாட்டோம்னு ஒரு தாள் தயார் பண்ணேன். கையெழுத்து போடாதவன் கேட்டுக்குள்ள வரக்கூடாது. பெரிய பெரிய கம்பெனிக்காரங்க முறைச்சாங்க, அப்புறம் போட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப கர்வம். இன்னிக்கும் கர்வம்தான்.

சில வருஷம் கழிச்சு, ஆம்பளைக்கு ஆம்பளை மேலயோ பொம்பளைக்குப் பொம்பளை மேலயோ பிரியம் வர்றது குத்தமில்லைன்னு கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு. வேற ஒரு யுனிவர்சிட்டி அவங்க விதிகள்ல அதைச் சேத்திருந்தாங்க. நானும் நம்ம தாளுல 'பாலியல் நாட்டம்'னு ரெண்டு வார்த்தை சேத்தேன். யாரை மனசுல வெச்சு சேத்தேன்னு கேட்டா, யாரையும் இல்ல. நம்ம பசங்கள்ல அப்படி ஒருத்தன் இருப்பான்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. நல்ல காலேஜ்னா இதெல்லாம் இருக்கணும்னு சேத்தேன், அவ்ளோதான்.

அதுக்கு அடுத்த வருஷம் படையில இருந்து லெட்டர் வந்துச்சு. கடைசி வருஷ இன்ஜினியரிங் பசங்களை நேரா காலேஜ்லயே இன்டர்வியூ பண்ணி அதிகாரி பயிற்சிக்கு எடுக்கப் போறோம்னு. எனக்கு வாயெல்லாம் பல்லு. எப்பவும் போல நம்ம தாளை அனுப்பினேன். ஏற்பாட்டைப் பாத்துக்கற அதிகாரி மறுநாளே போன் பண்ணாரு. நல்ல தமிழ், தணிஞ்ச குரல். "மேடம், இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. எங்களுக்குத் தனிச் சட்டம். நாட்டில் குற்றமில்லை என்று ஆனது எங்கள் சட்டத்திலும் அப்படியே ஆகிவிட்டதாக நான் எழுதிக் கொடுக்க முடியாது. பொய்யாகக் கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்லை"ன்னாரு.

பிளேஸ்மென்ட் கமிட்டி கூடிச்சு. பிரின்சிபால் ரெண்டு கையையும் பிசைஞ்சாரு. தேசத்துக்கு வேலை பாக்கறவங்களைப் போய் வேணாம்னு சொல்றதான்னு சிலர். கையெழுத்து போடாத தனியார் கம்பெனியைத் தொரத்தினோமே, இவங்களுக்கு மட்டும் இன்னா சலுகைன்னு மாணவர் பிரதிநிதிங்க. நான் எழுந்து, விதின்னா எல்லாருக்கும் விதின்னேன். பசங்க கை தட்டினாங்க. அன்னிக்கே பதில் போட்டேன், மன்னிக்கணும், எங்க வளாகத்துல இடம் இல்லன்னு. ஒரு பெரிய ஆளாட்டம் ஆபீசுக்கு நடந்து வந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பையன் வந்தான். குமார்னு வெச்சுக்கலாம். என்.சி.சி.ல நம்ம காலேஜுக்கே முதல் ஆளு, பரேடுல எல்லாருக்கும் முன்னாடி நிப்பான். எப்பவும் "குட் ஆஃப்டர்நூன் மேடம்"னு விறைப்பா நிக்கறவன், அன்னிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான். ரூம்ல வேற யாரும் இல்ல.

"இன்னா மேடம் இப்டி பண்ட்டீங்க?"

விதியைச் சொன்னேன். யாரையும் ஒதுக்கக் கூடாது, அதுக்குத்தான்ப்பா இதுன்னேன்.

"யாரை ஒதுக்கக் கூடாதுன்னு?"

அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். கொஞ்சம் இங்கிலீஷ்ல, கொஞ்சம் தமிழ்ல, கொஞ்சம் முழுங்கி.

"அந்த ஆளு நான்தான் மேடம்"ன்னான். "எனுக்கோசரம்தான் எனக்கே கதவ சாத்திகீறீங்க. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவனே பேசினான். மூணு வருஷமா அந்த இன்டர்வியூவுக்காக விடிகாலைல ஓடிகினு இருந்திருக்கான். ஏன் இவ்ளோ வெறின்னு கேட்டேன்.

"எங்க ஏரியா பேரைச் சொன்னா ரோட்ல நிறுத்தி பையைத் தொறந்து காட்டுன்றாங்க மேடம். யூனிபார்ம் போட்டா அதே ஆளு சல்யூட் அடிப்பான். அது ஒண்ணு. இன்னோண்ணு, வூட்ல மாமன் பொண்ணப் பேசி வெச்சிகீறாங்க. படிப்பு முடிஞ்சதும் கல்யாணம். படையில சேந்தா டிரெய்னிங் முடியற வரிக்கும் கல்யாணம் கட்டக் கூடாது. வேற எந்த வேலைல மேடம் இந்தச் சட்டம் கீது? எங்கப்பாவை எதிர்த்து நான் பேச முடியாது. கவர்மென்ட்டு சொன்னா அவரு கேட்டுப்பாரு. அந்தப் பொண்ணும் பாவம், என்னைக் கட்டிகினு இன்னா பண்ணும்?"

சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு. இவனை வேணாம்னு சொல்ற இடம்தான் இவனுக்கு ஒளிஞ்சுக்கற இடமும். அங்க போனா தெரிஞ்சுடாதாப்பான்னு கேட்டேன். "இருபத்தோரு வருஷமா எங்க வூட்ல தெரியல மேடம். பத்துக்குப் பன்னண்டு ரூமு, அஞ்சு பேரு. அதுலயே சமாளிச்சிட்டேன்"ன்னான். கண்ணு கலங்கிகினு வந்துச்சு அவனுக்கு, ஆனா விழ விடல.

இப்போ நான் பண்ண தப்பு. கவனமா படிங்க, நீங்களும் பண்ணக் கூடிய தப்பு.

நம்ம வேலைல ஒரு பழக்கம் உண்டு. நான் அதுல கில்லாடி. இன்டர்வியூவுக்கு முந்தி கம்பெனிக்காரனுக்கு போன் போட்டு, "சார், ஒரு பையன் வருவான், இங்கிலீஷ் தடுமாறும், ஆனா கையில வேலை இருக்கு, கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு சொல்லி வெக்கிறது. அப்படிச் சொல்லி வெச்சே எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கேன். குறையை நாமளே முதல்ல சொல்லிட்டா எதிராளி இளகிடுவான், அப்புறம் நிறையைச் சொல்லி முடிச்சிடலாம். இருபது வருஷத்துப் பழக்கம். குமார் படியிறங்கிப் போன கையோட நான் போனை எடுத்தேன். யோசிக்கவே இல்ல.

"சார், மறுபடி நான்தான். வேற ஒரு வழி இருக்கான்னு பாக்கறேன். எங்கள்ட்ட ஒரு பையன், தங்கம். என்.சி.சி.ல முதல் ஆளு. அந்தத் தாளுல ரெண்டு வார்த்தையைப் பத்திப் பேசினோமே, அந்த மாதிரி..."

"மேடம், நிறுத்துங்கள்." குரல் உயரல. ஆனா நான் நிறுத்திட்டேன். "இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். சொன்னால் நான் எழுத வேண்டி வரும். எழுதினால் அது அவனோடு கடைசி வரைக்கும் போகும். நீங்கள் இன்னும் பெயர் சொல்லவில்லை. நான் இன்டர்வியூ எடுக்கிறவனும் இல்லை. இந்தப் பேச்சை நான் எங்கேயும் கொண்டு போக மாட்டேன். நீங்களும் கொண்டு போகாதீர்கள்."

பேர் சொல்லலதான். ஆனா ஒரு காலேஜுக்கு என்.சி.சி.ல எத்தனை முதல் ஆளு இருப்பான்? ஒருத்தன்தான். அவன் என்னை நம்பி மூடின கதவுக்குள்ள சொன்னதை, ரெண்டு நிமிஷத்துல நான் எடுத்துக் குடுத்துட்டேன். எவன்கிட்ட சொல்லக் கூடாதோ அவன்கிட்டயே.

அவரே தொடர்ந்து பேசினாரு. "உங்கள் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது தவறு என்று நான் சொல்லவில்லை. நாங்கள் வேறு இடத்தில் நடத்துகிறோம். உங்கள் மாணவர்கள் விண்ணப்பித்தால் காலேஜ் கடிதமும் நன்னடத்தைச் சான்றும் கொடுத்து அனுப்புங்கள், போதும்." அவ்ளோதான், போனை வெச்சுட்டாரு. அந்த மனுஷன் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல. ஆனா வாயை எப்போ மூடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது அவருதான்.

கமிட்டில மறுபடி பேச்சு வந்துச்சு. லெட்டர் குடுத்தா அவங்களுக்கு உதவின மாதிரி ஆயிடாதான்னு ஒரு பொண்ணு கேட்டா. நியாயமான கேள்வி. நான் சொன்னேன், "இந்தத் தாள் உள்ள வர்றவங்களைக் கட்டறதுக்கு. வெளில போற நம்ம பசங்களைக் கட்டிப் போடறதுக்கு இல்ல. போகலாமா வேணாமான்னு போறவன் முடிவு பண்ணட்டும்மா." அந்தப் பொண்ணு யோசிச்சு, சரின்னுச்சு. அஞ்சாறு பேர் விண்ணப்பிச்சாங்க. குமாரும்தான்.

நன்னடத்தைச் சான்றுக்கு முதல்ல துறைத் தலைவர் கையெழுத்து போடணும், அப்புறம்தான் பிரின்சிபால். எல்லாத்துலயும் போட்டிருந்த துறைத் தலைவர் ஒருத்தரு, குமாரோடதை மட்டும் வெறுமனே திருப்பி எடுத்துகினு வந்தாரு. என் ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவுல வெறும் பிளைவுட்டு. அன்னிக்கு நான் போன் பேசினப்போ அந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு அவருதான்.

"எனக்கு எல்லாம் தெரியும் மேடம். இவனுக்குப் போய் நன்னடத்தைன்னு எப்படி எழுதறது?"ன்னாரு.

எனக்கு உச்சந்தலைல நெருப்பு வெச்ச மாதிரி இருந்துச்சு. அவர் மேல பாதி, என் மேல பாதி. என் வாயால வந்த வினை, அந்தப் பையன் தாளுல வந்து நிக்குது. கத்தியிருப்பேன். கத்தினா பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு பேருக்குக் கேக்கும். முதல் தடவையா குரலைத் தணிச்சுப் பேசினேன்.

"இவன் வகுப்புக்கு வராம இருந்திருக்கானா சார்?"

"இல்ல."

"யாரையாவது அடிச்சானா? காப்பி அடிச்சானா? எந்தப் பையனாவது, பொண்ணாவது இவன் மேல புகார் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் இல்ல மேடம், ஆனா..."

"அந்த ஆனாவை எழுத்துல குடுங்க சார்." ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னாடி தள்ளினேன். "இந்தக் காரணத்தால இவனுக்குச் சான்று மறுக்கறேன்னு எழுதி, கீழ உங்க பேரையும் போடுங்க. கம்பெனிக்காரன் எல்லாரும் கையெழுத்து போடறானே, அந்தத் தாளுல இருக்கற விதி வெளியாளுங்களுக்கு மட்டும் இல்ல. சம்பளம் வாங்கற நமக்குத்தான் முதல்ல. நீங்க எழுதினா நான் இதை எடுத்துகினு கமிட்டிக்குப் போவேன். எழுதலன்னா சான்றுல கையெழுத்து போடுங்க. ரெண்டுல ஒண்ணு. இங்க கேட்டதை வெளில பேசினீங்கன்னாலும் அதே கமிட்டிதான்."

வெள்ளைத் தாளைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. பேனாவை எடுத்து சான்றுல போட்டுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் என்னோட ஒரு வருஷம் பேசல. நிம்மதியா இருந்துச்சு.

யாரையும் நினைக்காம சேத்த அந்த ரெண்டு வார்த்தை, வாசல்ல அந்தப் பையனுக்குத் தடையாத்தான் நின்னுச்சு. ஆபீசுக்குள்ளதான் அவனைக் காப்பாத்திச்சு. விதின்னா வெளியாளை மிரட்டத்தான்னு நெனச்சுகினு இருந்தேன் நான்.

ஆனா அதோட முடியல. குமார்கிட்ட சொல்லணும். சொல்லாம விட்டுடலாம்னு ஒரு நாள் முழுக்க ஆசையா இருந்துச்சு. அதிகாரி பேச மாட்டாரு, துறைத் தலைவரும் பேச மாட்டாரு, யாருக்குத் தெரியப் போகுது? ஆனா இன்டர்வியூ ரூமுக்குள்ள போய் உக்காரப் போறவன் அவன். வெளில ரெண்டு பேருக்குத் தெரியும்ங்கறது தெரியாமயே அவனை எப்படி அனுப்பறது? கூப்ட்டேன். ஆபீஸ்ல இல்ல, மைதானத்து ஓரம், ஆள் இல்லாத இடமா. எல்லாத்தையும் சொன்னேன். போன்ல என்ன சொன்னேன், யார் கேட்டாங்க, என்ன ஆச்சு, ஒண்ணு விடாம.

அவன் மூஞ்சி செவந்து போச்சு. "அத்த சொல்றதுக்கு நீங்க யாரு மேடம்?"ன்னான். கத்தல. கத்தியிருந்தா தேவல. "எங்கம்மாவுக்கே தெரியாது. எங்கம்மாவுக்கு!"

நான் நல்லதுக்குத்தான்ப்பா பண்ணேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ"ன்னு மட்டும் சொன்னேன். இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு மாணவன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டது அன்னிக்குத்தான். அப்புறம், "அந்த ஆபீசர் நெசமாவே எழுத மாட்டாரா?"ன்னு கேட்டான்.

"எழுத மாட்டேன்னு சொன்னாரு. நான் நம்பறேன். ஆனா நான் நம்பறதை வெச்சு நீ போகாத. அங்க சட்டம் இன்னும் உனக்கு எடம் குடுக்கல, அதையும் தெரிஞ்சுக்கோ. போன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். லெட்டர் இதோ, சான்று இதோ. ரெண்டும் உன்னுது."

கவரை வாங்கினான். ரெண்டு அடி போய்த் திரும்பினான். "மேடம், எனுக்கு சான்று வாங்கிக் குடுத்ததே அந்தத் தாளுதான். அவங்க என்னிக்கு அதுல கையெழுத்து போடறாங்களோ, அன்னிக்கு உள்ள வுடுங்க. அதுவரிக்கும் வுடாதீங்க. என்னைப் பாத்துட்டு அத்த மாத்திடாதீங்க"ன்னான். கதவைச் சாத்திட்டீங்களேன்னு வந்தவன் அவன். அவன் கேட்டதால அந்தத் தாள் இன்னிக்கு வரைக்கும் அப்படியே இருக்கு. அடுத்த திங்கட்கிழமை காலைல, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட, மத்த பசங்ககூட இன்டர்வியூவுக்கு பஸ் ஏறினான்.

இதை எழுத உக்காரறதுக்கு முன்னாடி அவனுக்கு போன் போட்டேன். "எழுதட்டுமாப்பா? வேணாம்னா வுட்டுடறேன்"ன்னு கேட்டேன். சிரிச்சான். "பரவால்லியே மேடம், இந்த வாட்டி கேக்கறீங்க"ன்னான். அப்புறம் சொன்னான், "எழுதுங்க. புது ஆளுங்களுக்கு ஆவும். ஆனா நான் செலக்ட் ஆனேனா இல்லியா, இப்போ எங்க கீறேன், கல்யாணம் ஆச்சா, அத்த மட்டும் போடாதீங்க."

அதனால உங்களுக்கு அவன் பஸ் ஏறின வரைக்கும்தான். அதுக்கப்புறம் நடந்தது எனக்கு முழுசும் தெரியும். என் வாய் எவ்ளோ நீளம்னு காலேஜுக்கே தெரியும். வந்து கெஞ்சிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.